எண்ணெயைத் தொடுவதற்கு முன் என்ன கேட்கிறார்கள்: ஒரு மசாஜ் நிலையம் பற்றிய மதிப்பீடு

மசாஜ் நிலையங்களைப் பற்றி எழுதப்படும் மதிப்புரைகள் பெரும்பாலும் அறையின் வெளிச்சம், எண்ணெயின் மணம், மெல்ல ஒலிக்கும் இசை, கையழுத்தத்தின் பதம் ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன. வாடிக்கையாளர் மேசையில் படுப்பதற்கு முன்னால் அவருடைய உடல்நிலையைப் பற்றி அங்கே என்ன விசாரித்தார்கள், கிடைத்த பதிலை வைத்துக்கொண்டு எதை மாற்றினார்கள் என்பதை எழுதுபவர்கள் குறைவு. சில காலமாக நான் சென்றுவரும் ஒரு நிலையத்தைப் பற்றிய இந்த மதிப்பீட்டில் அந்த முதல் கால் மணி நேரத்தையே எடுத்துக்கொள்கிறேன். நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கு மசாஜ் பொதுவாகத் தீங்கற்றது. ஆனால், காலில் ரத்தம் உறைந்திருப்பவருக்கும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவருக்கும், எலும்பு மெலிந்தவருக்கும் அதே கைகள் அதே அழுத்தத்தைக் கொடுத்தால் விளைவு வேறாகிவிடும். யார் எந்த வகையினர் என்பது கேட்டால்தான் தெரியும். நிறைகளோடு குறைகளையும் எழுதப்போவதால் நிலையத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இங்கே சொல்லப்படுபவை எந்த நிலையத்துக்குப் போகிறவருக்கும் பொருந்தும்.

முன்பதிவு செய்தவுடனேயே இவர்கள் ஒரு கேள்வித்தாளை அனுப்பிவிடுகிறார்கள். இது சிறிய ஏற்பாடுபோலத் தெரிந்தாலும் பயன் பெரியது. வரவேற்பறையில் அவசரமாகக் கையில் திணிக்கப்படும் தாளில், எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று குறியிட்டுக் கையெழுத்துப் போடுவதுதான் மனித இயல்பு. வீட்டில் உட்கார்ந்து நிரப்பும்போது மாத்திரை அட்டையை எடுத்துப் பெயரைப் பார்த்து எழுதலாம். பழைய அறுவைச் சிகிச்சையின் விவரத்தை நினைவுபடுத்திக்கொள்ளலாம். தேவையென்றால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டும் வரலாம். மசாஜ் செய்யப்போகிறவர் அந்தத் தாளைப் படித்துவிட்டே வருகிறார் என்பது அவர் கேட்கும் துணைக்கேள்விகளிலிருந்து தெரிகிறது. முன்பே வந்தவர்தானே என்று விட்டுவிடாமல், காய்ச்சல் உண்டா, புதிய மருந்து ஏதும் தொடங்கியிருக்கிறீர்களா, கடந்த முறைக்குப் பின் விழுந்தீர்களா, அடிபட்டதா என்பவற்றை ஒவ்வொரு முறையும் கேட்கிறார்கள். காய்ச்சலோ, நெறி கட்டியிருப்பதோ தெரியவந்தால் அன்றைய பதிவை வேறு நாளுக்கு மாற்றுகிறார்கள். அதற்காக முகம் சுளிப்பதில்லை.

கேள்வித்தாளில் என்னை மிகவும் கவர்ந்தது கால்களைப் பற்றிய பகுதி. பல இடங்களில் 'ரத்த உறைவு நோய் உண்டா' என்று மட்டும் கேட்பார்கள். அந்தக் கேள்வியால் அதிகப் பயனில்லை; காலின் உட்புறத்தில் ஆழத்தில் ஓடும் ரத்த நாளத்தில், அதாவது ஆழ்சிரையில், ரத்தம் உறைந்திருப்பவர் பலருக்குத் தமக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது. கெண்டைக்காலில் ஏதோ பிடித்துக்கொண்டதுபோல வலிக்கிறது, நன்றாக உருவிவிட்டால் சரியாகிவிடும் என்று எண்ணித்தான் அவர் மசாஜுக்கே வருவார். அங்கே ஆழமாக அழுத்தி நீவினால், உறைந்த கட்டியின் ஒரு துண்டு பெயர்ந்து, ரத்த ஓட்டத்தோடு இதயத்தின் வழியாக நுரையீரலுக்குப் போய் அங்குள்ள தமனியை அடைத்துவிடக்கூடும். அது உயிருக்கே ஆபத்தான நிலை. ஆகவே நோயின் பெயரைக் கேட்பதைவிட அடையாளங்களையும் சூழ்நிலைகளையும் கேட்பதே அறிவுடைமை. இந்த நிலையம் அதைத்தான் செய்கிறது: ஒரு காலில் மட்டும் வீக்கம் உள்ளதா, அந்த இடம் தொட்டால் சூடாகவோ சிவந்தோ இருக்கிறதா, அண்மையில் பல மணி நேரம் உட்கார்ந்தபடியே பயணம் செய்தீர்களா, அறுவைச் சிகிச்சையோ நீண்ட படுக்கை ஓய்வோ இருந்ததா, காலில் மாவுக்கட்டு போட்டிருந்தார்களா, கருத்தடை மாத்திரையோ ஹார்மோன் மருந்தோ எடுக்கிறீர்களா, அண்மையில் பிரசவம் ஆனதா என்று வரிசையாகக் கேட்கிறார்கள். முதல் இரண்டில் ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் காலைத் தொட மறுத்து, அன்றைக்கே மருத்துவரைப் பார்க்கச் சொல்கிறார்கள். வலி இருக்கும் இடத்தைத் தொட மறுக்கும் மசாஜ்காரர் மீது வாடிக்கையாளருக்குக் கோபம் வரலாம். ஆனால், அந்த மறுப்பைத்தான் நான் இந்தச் சேவையின் முதல் தகுதியாகக் கருதுகிறேன்.

காலில் புடைத்து நெளிந்த ரத்த நாளங்கள், அதாவது பலர் வெரிகோஸ் என்று சொல்வது, இதிலிருந்து வேறுபட்டது. அதற்காக மசாஜையே தவிர்க்க வேண்டியதில்லை. அந்த நாளங்களின் மேல் நேரடியாக அழுத்தாமல் இருந்தால் போதும். கேள்வித்தாள் இரண்டையும் ஒரே வரியில் சேர்த்துவிட்டிருக்கிறது. மசாஜ் செய்பவர் நேரில் பிரித்துக் கேட்டுக்கொள்வதால் குழப்பம் வருவதில்லை என்றாலும், தாளில் திருத்தம் தேவை.

மருந்துகளைப் பற்றிய பகுதியும் தேர்ந்தவர்கள் எழுதியதுபோல இருக்கிறது. 'என்னென்ன நோய்' என்பதோடு 'என்னென்ன மருந்து' என்றும் கேட்கிறார்கள். நோயைச் சொல்லக் கூச்சப்படுபவரும், நோயின் பெயரை மறந்தவரும் மாத்திரையின் பெயரை எழுதிவிடுவார்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளான வார்ஃபரின், அபிக்சபான், ரிவரோக்சபான் போன்றவற்றையோ, ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்றவற்றையோ எடுப்பவருக்குச் சாதாரண அழுத்தமே தோலின் அடியில் ரத்தம் கசிந்து கன்றிப்போகப் போதுமானதாகலாம். ஆழமாக அழுத்தினால் தசைக்குள்ளேயே ரத்தம் கட்டிக்கொள்ளலாம். ஸ்டீராய்டு மாத்திரைகளை நெடுங்காலம் எடுத்தவருக்குத் தோல் மெலிந்து, எலும்பும் வலுவிழந்திருக்கும். இவர்களுக்கெல்லாம் மசாஜே கூடாது என்பதில்லை. மென்மையாக, மேலோட்டமாக, முழங்கையையோ கட்டைகளையோ பயன்படுத்தாமல் செய்ய வேண்டும்.

மாத்திரைகளோடு தைலங்களையும் ஒட்டுகளையும் ஊசிகளையும் எழுதச் சொல்லியிருப்பது எனக்கு வியப்பளித்தது. வலிநிவாரணத் தைலங்கள் பலவற்றில் மெத்தில் சாலிசிலேட் என்ற பொருள் உண்டு. வார்ஃபரின் எடுப்பவர் உடலில் அதைப் பரவலாகத் தேய்த்தால், தோலின் வழியாகவே உள்ளே சென்று மாத்திரையின் வீரியத்தைக் கூட்டி ரத்தக்கசிவுக்கு வழிவகுக்கும். மேலே தடவுவதுதானே என்று அலட்சியமாக இருப்பவர்களுக்கு இந்தச் செய்தி பயன்படும். ஃபென்டனில் போன்ற கடும் வலிநிவாரண ஒட்டுகளை அணிந்திருப்பவர்மேல் சூடான கல்லையோ வெந்நீர்ப் பையையோ வைத்தால் மருந்து உடலுக்குள் இறங்கும் வேகம் கூடிவிடும். இன்சுலின் போட்ட இடத்தைச் சிறிது நேரத்திலேயே பிடித்துவிட்டாலும் இதுபோலத்தான்: இன்சுலின் விரைவாக ரத்தத்தில் கலந்து சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். படுத்தபடி வியர்ப்பதையும் படபடப்பதையும் சோர்வையும் 'நல்ல ஓய்வு' என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து இருப்பதால், சர்க்கரை நோயாளிகளிடம் எப்போது ஊசி போட்டீர்கள், எங்கே போட்டீர்கள், சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்குகிறார்கள். நீண்ட காலச் சர்க்கரை நோயால் பாதங்களில் உணர்ச்சி மங்கியிருந்தால் சூடான கற்களை முழுவதும் தவிர்க்கிறார்கள். 'சூடு தாங்குகிறதா' என்று கேட்பது உணர்ச்சி உள்ளவரிடம்தான் பொருளுள்ள கேள்வி.

இங்கே ஒரு கேள்வி விடுபட்டிருக்கிறது. வருவதற்கு முன் வலிமாத்திரை போட்டுக்கொண்டீர்களா என்று யாரும் கேட்கவில்லை. அழுத்தம் அதிகமாகிவிட்டது என்பதை உடல் அறிவிப்பதே வலியின் மூலம்தான். அதை மழுங்கடித்துவிட்டு மேசையில் படுத்தால், எவ்வளவு அழுத்தலாம் என்ற அளவுகோல் இருவருக்குமே இல்லாமல் போகிறது. மது அருந்திவிட்டு வருபவர்களைத் திருப்பி அனுப்பும் இவர்கள், அதே காரணம் வலிமாத்திரைக்கும் பொருந்தும் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ரத்த அழுத்தத்தை அங்கேயே கருவி வைத்து அளக்கிறார்கள். கட்டுக்குள் இருக்கும் ரத்த அழுத்தம் மசாஜுக்குத் தடையில்லை. 180/120 என்ற அளவை எட்டினால் அது மருத்துவம் பார்க்க வேண்டிய நிலை. மசாஜ் செய்து இறக்கிவிடலாம் என்று எண்ணுவது தவறு. மறுபக்கமும் உண்டு: படுத்து நன்றாகத் தளர்ந்த உடலில் அழுத்தம் சற்றே இறங்கியிருக்கும். ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவரும் முதியவரும் திடீரென்று எழுந்து நின்றால் தலைசுற்றி விழக்கூடும். முதலில் பக்கவாட்டில் திரும்பி, உட்கார்ந்து, கால்களைத் தொங்கவிட்டுச் சிறிது பொறுத்து எழும்படி ஒவ்வொருவரிடமும் சொல்கிறார்கள்.

கழுத்து விஷயத்தில் இவர்களுக்கு உறுதியான விதி ஒன்று இருக்கிறது: யார் கேட்டாலும் கழுத்தைத் திருகிச் சொடக்கு எடுப்பதில்லை. இதற்காக அதிருப்தியோடு போகும் வாடிக்கையாளர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் நிலையத்தின் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. மூளைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் நான்கு முதன்மைத் தமனிகளும் கழுத்தின் வழியாகத்தான் ஏறுகின்றன. முன்புறம் இரண்டு கரோட்டிட் தமனிகள். பின்புறத்தில் முதுகெலும்பு முள்ளெலும்புகளின் துளைகளுக்குள் நுழைந்து செல்லும் இரண்டு வெர்டிப்ரல் தமனிகள். கழுத்தைச் சட்டென்று திருகும்போது அரிதாக அவற்றின் உட்சுவர் கிழிந்து, அங்கே ரத்தம் உறைந்து, பக்கவாதத்தில் முடிந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. முடி அலசும் தொட்டியின் விளிம்பில் கழுத்தை வெகுவாகப் பின்னோக்கிச் சாய்த்திருந்தவர்களுக்குப் பக்கவாத அறிகுறிகள் ஏற்பட்டதைப் பற்றிய குறிப்பு 1993இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. அதாவது, திருகல் இல்லாமல், நெடுநேரம் மடங்கியிருப்பதுகூடச் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. தலை மசாஜுக்குப் பின் முடி அலசும்போது கழுத்தின் கீழே சுருட்டிய துண்டை இவர்கள் வைப்பது அதனால்தான். கழுத்தின் முன்பக்கத்தில், தாடைக்குக் கீழே, கரோட்டிட் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தை அழுத்தினால் இதயத் துடிப்பு குறைந்து மயக்கம் வரலாம் என்பதால் அந்தப் பகுதியையும் தொடுவதில்லை. முடக்குவாத நோய் நெடுங்காலமாக உள்ளவர்களுக்குக் கழுத்தின் மேல் மூட்டுகள் தளர்ந்திருக்கக்கூடும்; அவர்களுக்குக் கழுத்தை முழுவதுமாக விட்டுவிடுகிறார்கள்.

முதுகுவலிக்காக வருபவர்களிடம் கேட்கப்படும் கேள்விகளும் நன்று. வலி காலுக்கு இறங்குகிறதா, கால் மரத்துப்போகிறதா என்பதோடு, சிறுநீரையோ மலத்தையோ அடக்க முடியாமல் போகிறதா, தொடைகளின் உட்புறமும் ஆசனவாயைச் சுற்றியும் உணர்ச்சி குறைந்திருக்கிறதா என்றும் கூச்சப்படாமல் கேட்கிறார்கள். கடைசி இரண்டும் முதுகுத்தண்டின் அடியில் உள்ள நரம்புக்கற்றை நெரிபடுவதன் அடையாளங்கள். மணிக்கணக்கில் தாமதித்தாலே நிரந்தரப் பாதிப்பு வரக்கூடிய அவசரநிலை அது. அங்கே மசாஜுக்கு வேலையே இல்லை. சுளுக்கிய கணுக்காலோடு வருபவரிடமும், அடிபட்டு முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள் வீக்கத்தின் மேல் அழுத்தமாட்டோம் என்கிறார்கள்.

தோலைப் பற்றிய சோதனையில் இவர்கள் பாதி மதிப்பெண்தான் பெறுகிறார்கள். படர்தாமரை, சிரங்கு, அக்கி, சேற்றுப்புண், சீழ்க்கொப்புளம், ஆறாத காயம், வெயிலில் சுட்ட தோல் ஆகியவற்றைக் கண்ணால் பார்த்துத் தவிர்க்கிறார்கள். விரிப்புகளை ஒவ்வொருவருக்கும் மாற்றுகிறார்கள். நகம் வெட்டி, மோதிரம் கழற்றி, கண்முன்னே கை கழுவுகிறார்கள். எண்ணெயைத் திறந்த கிண்ணத்தில் வைத்துத் தொட்டுத் தொட்டு எடுக்காமல் அழுத்தினால் வரும் குப்பியிலிருந்து ஊற்றுகிறார்கள். ஆனால் ஒவ்வாமைக்கு ஒரே ஒரு கேள்விதான்: 'ஒவ்வாமை உண்டா, இல்லையா'. பாதாம், நிலக்கடலை, எள் முதலியவற்றை உண்டால் ஒவ்வாமை ஏற்படும் பலர், மசாஜ் எண்ணெயின் அடிப்படைப் பொருளும் அவைதான் என்று நினைத்துப் பார்ப்பதில்லை. எண்ணெயில் என்ன கலந்திருக்கிறது என்ற பட்டியலை வாடிக்கையாளர் பார்க்கும்படி வைக்க வேண்டும். லாவண்டர், தேயிலை மர எண்ணெய் போன்ற மணச்சாறுகள் இயற்கையானவை என்பதாலேயே தீங்கற்றவை ஆகிவிடுவதில்லை. சிலருக்கு அவை தோலில் தடிப்பை உண்டாக்கும், ஆஸ்துமா உள்ளவருக்கு அவற்றின் நெடியே இழுப்பைத் தூண்டலாம். பெர்கமாட் என்ற எலுமிச்சை வகைப் பழத்தின் சாறு கலந்த எண்ணெயைப் பூசியபின் வெயிலில் போனால் தோல் கருகிக் கொப்பளிக்கவும் கூடும். முன்னங்கையின் உட்புறத்தில் சிறிதளவு தடவி ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள், பார்ப்பது எளிய சோதனை. முன்கூட்டியே கேள்வித்தாள் அனுப்பும் இவர்களால் எண்ணெயின் சிறு மாதிரியையும் கொடுத்தனுப்ப முடியாதா?

கர்ப்பிணிகளைப் பற்றிய பகுதி ஏமாற்றமளிக்கிறது. 'கர்ப்பமாக இருக்கிறீர்களா' என்ற ஒரே கேள்வி. முதல் மூன்று மாதங்களுக்குள் என்றால் சேவை கிடையாது, அதற்குப்பின் உண்டு என்ற ஒரே விதி. முதல் மூன்று மாதங்களில் மசாஜ் செய்வதால் கரு கலைகிறது என்பதற்குச் சான்று இல்லை. கருக்கலைவு இயல்பாகவே அந்தக் காலத்தில் அதிகம் என்பதால் பல நிலையங்கள் பழிக்கு அஞ்சி ஒதுங்குகின்றன. அது அவர்களுடைய உரிமை. என் குறை பிற்பாதியைப் பற்றியது. ஏறக்குறைய 20 வாரங்களுக்குப் பின் மல்லாந்து நெடுநேரம் படுத்தால், கருப்பையின் எடை கீழ்ப்பெருஞ்சிரையை அழுத்தி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்து தலைசுற்றல் வரலாம். ஆகவே தலையணைகளின் துணையோடு பக்கவாட்டில் படுப்பதே சரி. கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களிலும் காலில் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடுதல் என்பதால் கெண்டைக்காலை ஆழமாக அழுத்தக் கூடாது. முகமும் கைகளும் திடீரென்று வீங்குவது, விடாத தலைவலி, கண் மங்குவது, மேல்வயிற்று வலி ஆகியவை கர்ப்பகால உயர் ரத்த அழுத்தத்தின் அறிகுறிகளாக இருக்கலாம். கர்ப்பிணிக்கு வீக்கம் சகஜம்தானே என்று பிடித்துவிட்டு அனுப்புவது அங்கேதான் ஆபத்தாக முடியும். இந்த ஐந்தாறு கேள்விகள் கேள்வித்தாளில் இல்லை.

புற்றுநோய் விஷயத்தில் இவர்கள் எதிர்த்திசையில் தவறுகிறார்கள். 'புற்றுநோய் உள்ளவர்களுக்கும் இருந்தவர்களுக்கும் மசாஜ் செய்யப்படாது' என்று அச்சிட்டிருக்கிறார்கள். மசாஜ் செய்தால் புற்று பரவிவிடும் என்ற பழைய அச்சம்தான் இதற்குக் காரணமாக இருக்க வேண்டும். அதற்கு ஆதாரம் கிடையாது. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களின் பதற்றத்தையும் வலியையும் தணிக்க மென்மையான மசாஜைப் பல மருத்துவமனைகளே வழங்குகின்றன. கவனிக்க வேண்டியவை வேறு: கட்டி உள்ள இடத்தையும் கதிர்வீச்சு பட்ட தோலையும் மருந்து ஏற்றப் பொருத்திய போர்ட் கருவியையும் அழுத்தக் கூடாது, கீமோதெரபியால், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்திருந்தால் எளிதில் கன்றிப்போகும், எலும்புக்குப் பரவியிருந்தால் லேசான அழுத்தத்திலும் எலும்பு முறியலாம், அக்குளிலோ இடுப்பிலோ நிணநீர் முடிச்சுகளை அகற்றியிருந்தால் அந்தப் பக்கத்துக் கையோ காலோ வீங்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு, அங்கே பயிற்சி பெற்றவரின் கை மட்டுமே படலாம். இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் உழைப்புக்குப் பதிலாகக் கதவை மூடிவிடுவது எளிது. ஆனால், பல ஆண்டுகளுக்கு முன் குணமானவரைக்கூடத் திருப்பியனுப்பும் விதி, அடுத்த இடத்தில் அவர் உண்மையை மறைக்கத்தான் கற்றுக்கொடுக்கும்.

சிக்கலான நிலைமைகளில் மருத்துவரின் கடிதம் கேட்கிறார்கள். அந்த நடைமுறையில் குற்றமில்லை, கேட்கப்படும் விதத்தில்தான் குற்றம் இருக்கிறது. 'மசாஜ் செய்துகொள்ளலாமா' என்று கேட்டால் எந்த மருத்துவரும் 'செய்துகொள்ளலாம், கவனமாக' என்றோ 'வேண்டாம்' என்றோ ஒரு வரியில் முடித்துவிடுவார். எந்தப் பகுதியைத் தொடக் கூடாது, எவ்வளவு அழுத்தம் தாங்கும், குப்புறப் படுக்கலாமா, வெப்பம் தரலாமா என்று தனித்தனியாகக் கேட்டு எழுதிவாங்கினால்தான் அது மேசையில் பயன்படும். நான் போகிறவர்களுக்குச் சொல்வது இதுதான்: கேள்வியை நீங்களே இப்படிப் பிரித்து எழுதிக்கொண்டு போங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேஸ்மேக்கர், டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்து அமைத்த ஃபிஸ்துலா, அண்மையில் நடந்த அறுவைச் சிகிச்சை, குடலிறக்கம், வயிற்றுப் பெருந்தமனி வீக்கம், எலும்பு மெலிவு ஆகிய எல்லாவற்றுக்கும் கேள்வி உண்டு. கேட்ட பதிலுக்கேற்ப நடக்கவும் செய்கிறார்கள். ஃபிஸ்துலா உள்ள கையை அழுத்தினால் அது அடைபட்டுவிடக்கூடும் என்பதைப் பணியாளர் ஒருவர் தாமாகவே விளக்கியது மனநிறைவளித்தது. கண்களைப் பற்றி மட்டும் எதுவும் இல்லை. குப்புறப் படுத்து முகத்தைத் துளையிட்ட தலையணையில் அமர்த்தும்போது கண்ணின் உள்ளழுத்தம் கூடுகிறது. கிளாகோமா என்ற கண் அழுத்த நோய் உள்ளவரும் விழித்திரையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவரும் கண் மருத்துவரைக் கேட்காமல் அந்த நிலையில் நெடுநேரம் படுக்கக் கூடாது. தலையணையின் விளிம்பு நேரே கண்ணின்மேல் அமராமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வரவேற்பறைச் சுவரில் ஒரு பலகை தொங்குகிறது. மசாஜ் உடலிலுள்ள நச்சுகளை வெளியேற்றுகிறது, தசைகளில் தேங்கிய லாக்டிக் அமிலத்தைக் கரைக்கிறது, ஆகவே முடிந்ததும் நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்கிறது அது. இவ்வளவு கவனமாகக் கேள்வித்தாள் தயாரித்தவர்கள் இந்தப் பலகையை மட்டும் யாரிடம் எழுதி வாங்கினார்கள் என்பது புரியவில்லை. கழிவுகளை வெளியேற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும் செய்யும் வேலை. உடற்பயிற்சியில் உண்டாகும் லாக்டேட் (பலகை சொல்லும் லாக்டிக் அமிலம் இதுதான்), யாரும் பிடித்துவிடாமலேயே ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள் இயல்பு நிலைக்கு வந்துவிடுகிறது. வெறும் மிகைப்பேச்சு என்று விட்டுவிடலாம். ஆனால் இதயம் செயலிழந்துவருபவரும் டயாலிசிஸ் செய்துகொள்பவரும் ஒரு நாளில் எவ்வளவு நீர் குடிக்கலாம் என்று மருத்துவர் அளந்து சொல்லியிருப்பார். அவர்களைப் பார்த்து 'நிறையத் தண்ணீர் குடியுங்கள்' என்பது தீங்கான அறிவுரை. தாகத்துக்கேற்பக் குடித்தால் போதும்.

மசாஜ் நடக்கும்போது அழுத்தத்தைப் பத்துக்கு எவ்வளவு என்று அவ்வப்போது கேட்கிறார்கள். ஏழுக்கு மேல் போனால் தாமாகவே குறைத்துவிடுகிறார்கள். வலித்தால்தான் பலன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பவர்களுக்கு இது பிடிக்காது. மிகக் கடுமையான மசாஜுக்குப் பின் தசை இழைகள் சிதைந்து, அவற்றின் புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதித்த நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்கள் எழுதியிருக்கின்றன; சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போவது அதன் அடையாளம். எந்தப் பகுதி வரை துணி விலக்கப்படும் என்பதை முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் கேட்பதும், எந்த நொடியிலும் நிறுத்தச் சொல்லலாம் என்று தெளிவுபடுத்துவதும் இங்கே நடைமுறை. முடிந்தபின் கொடுக்கும் சிறு தாளில், ஓரிரு நாள் லேசான வலி இயல்பு என்றும், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, திடீர்க் கடுந்தலைவலி, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், மரத்துப்போதல் ஆகியவை தோன்றினால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்றும் இருக்கிறது. சிறுநீரின் நிறத்தை அதில் சேர்க்கலாம்.

கடைசியாக, காத்திருக்கும் கூடத்தில் உள்ள மசாஜ் நாற்காலி. மேசையில் படுப்பவரிடம் இவ்வளவு கேள்வி கேட்கும் நிலையம், காசு போட்டால் இயங்கும் அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் கண்டுகொள்வதில்லை. அது முதுகெலும்பை உருளைகளால் அழுத்துகிறது, கெண்டைக்கால்களைக் காற்றுப் பைகளால் இறுக்குகிறது. வலிக்கிறதா என்று அது கேட்காது. இத்தகைய நாற்காலிகளின் தயாரிப்பாளர்களே தங்கள் கையேடுகளில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள், கர்ப்பிணிகள், ரத்த உறைவு உள்ளவர்கள், எலும்பு மெலிந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது என்று பொதுவாக எச்சரிக்கிறார்கள். பக்கத்து மேடையில் விற்பனைக்கு வைத்திருக்கும், துப்பாக்கி வடிவ அதிர்வுக் கருவிகளுக்கும் இது பொருந்தும். அவற்றைக் கழுத்தில் வைத்துத் தமனி கிழிந்ததும், தொடையில் அளவுமீறிப் பயன்படுத்தித் தசை சிதைந்ததும் பதிவாகியுள்ளன. இதை நிர்வாகத்திடம் எடுத்துச் சொன்னேன். அடுத்த முறை போனபோது நாற்காலியின் பக்கத்தில் சிறிய அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். பேஸ்மேக்கரும் கர்ப்பமும் அதில் இருக்கின்றன. காலில் ரத்தம் உறைவதைப் பற்றிய வரியை இன்னும் சேர்க்கவில்லை.